ஓசிக் காவல்காரன்

கோபிநாத்தின் கல்யாணத்தன்று, தாலி கட்டிய கையில் மஞ்சள்கூடக் காயவில்லை, சேதராப்பட்டு மருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஸ்டோர் கீப்பர் அம்மாவாசை போன் செய்தான். "கோபி சார், பாஸ்வேர்டு மறந்துட்டேன் சார். உள்ள போவ மாட்டேங்குது." மாப்பிள்ளை மாலையோடு மண்டப வாசலுக்கு வந்து, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, அவனுக்கு வழியைத் திறந்துவிட்டுப் போனான். பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள். கோபிநாத்துக்கோ அன்றைக்கு வந்த மொய்யைவிட அந்தப் போன்தான் பெருமை.

அவன் குடும்பம் ஊசுடேரிக்கு அந்தப் பக்கம் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு டவுனுக்கு வந்தவன் இவன்தான். கதிர்காமத்தில் வீடு, லாஸ்பேட்டையில் வேலை. தணிகாசலம் என்பவர் நடத்தும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு, சரக்கு வந்ததும் போனதும் எல்லாவற்றையும் இன்டர்நெட்டிலேயே பார்க்கிற மாதிரி செய்து கொடுப்பார்கள். கோபிநாத் அங்கே முதல் ஆள். உள்ளே யார் வரலாம், வந்தவன் எந்தப் பக்கத்தைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்கிற காவல் வேலை முழுவதையும் வருஷக்கணக்கில் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தான். எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதோடு, யாருக்கும் சொல்லாத ஒரு பாஸ்வேர்டும் இருந்தது. எவன் பேரை அடித்து அந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் திறந்துகொள்ளும். அதுதான் அவன் ஆணிவேர்.

அதனால் மறந்தவர்கள் எல்லாரும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கூப்பிட்டார்கள், தட்டாஞ்சாவடியிலிருந்து கூப்பிட்டார்கள். சோற்றில் கை வைத்திருக்கும்போது கூப்பிட்டார்கள். "இவங்களோட ஒரே ரோதன" என்று மனைவி அமுதவல்லியிடம் அலுத்துக்கொண்டே, இடது கையால் எடுத்துப் பேசுவான். அந்த அலுப்பு எத்தனை பொய் என்று அவளுக்கும் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நூரீன் வந்து சேர்ந்தாள்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஹிதாயத்துல்லாவின் மகள். பெங்களூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கே வந்துவிட்டவள். மெல்லிய குரல். சார் போடாமல் பேசமாட்டாள். கோபிநாத் எழுதியதை ஒரு மாதம் உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு அவனிடமே வந்து சொன்னாள், முதலாளியிடம் போகவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல். கோள் சொல்லியிருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

"சார், நீங்க எழுதுனது நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாப் பக்கத்துலயும் தனித்தனியா காவல் வச்சிருக்கீங்க. புதுசா ஒரு பக்கம் சேக்கறப்ப யாராச்சும் காவல் வைக்க மறந்துட்டா அது தொறந்தே கெடக்கும். அப்படி ரெண்டு பக்கம் இப்பவே கெடக்குது சார்."

"அதுக்கு?"

"இதுக்குன்னே ரெடியா எழுதி வச்ச ஒரு ஃபிரேம்வொர்க் இருக்கு சார். ஓப்பன் சோர்ஸ். வாசல்லயே எல்லாரையும் நிறுத்திக் கேக்கும். நாம அனுமதின்னு சொல்லாத எதையும் தொறக்காது. உலகம் பூராவும் ஆயிரக்கணக்குல பேரு பாத்துப் பாத்து ஓட்டை அடைச்சது. நாம ரெண்டு பேரு எழுதி அதுக்கு ஈடாக முடியுமா?"

"எவ்வளவு அது?"

"ஓசிதான் சார்."

"ஓசியில வர்ற காவல்காரன் எப்படிக் காப்பான்னு தெரியாதா?" என்று சிரித்தான் கோபிநாத். அன்றிலிருந்து அந்த ஃபிரேம்வொர்க்குக்கு அவன் வைத்த பேர் ஓசிக் காவல்காரன். ஆபீசில் ஒருவரும் அதற்குச் சிரிக்கவில்லை.

தணிகாசலத்துக்கு விஷயம் எட்டியதும் அவர் துள்ளிக் குதித்தார். சேதராப்பட்டுத் தொழிற்சாலைக்கு பிரான்சிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வருவதாக இருந்தது. அந்த பிரான்சுக்காரர்கள் மருந்து விவரமெல்லாம் ஏறுகிற இடம் பத்திரமானதா என்று வெளியாள் வைத்துச் சோதிப்பார்களாம். சோதனையில் தேறாவிட்டால் தொழிற்சாலைக்கு ஆர்டர் இல்லை, தணிகாசலத்துக்குத் தொழிற்சாலை இல்லை. "நூரீனு, ஒடனே மாத்தும்மா" என்றார். கோபிநாத்தைக் கூடவே இருந்து உதவச் சொன்னார். உதவச் சொன்னார்! முதல் ஆளை!

"கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைக்கிற கதை. எவனோ எழுதுனது, இவளுக்குப் பேரு" என்று வீட்டில் போய்ப் பொருமினான்.

"நீங்களே எடுத்து ஒடைச்சிருக்கலாமே. கடை தொறந்துதான இருந்துச்சு?" என்றாள் அமுதவல்லி. அவன் அன்று தயிருக்கு நிற்காமல் கையைக் கழுவிவிட்டான்.

ஆடி மாதத்துக்குள் வேலை முடிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அவன் எழுதி வைத்திருந்த காவல் எல்லாம் மொத்தமாக வழித்துப் போடப்பட்டது. அவனுடைய ஆணிவேர்ப் பாஸ்வேர்டும் அதோடு போயிற்று. புது ஏற்பாட்டில் மறந்தவர்கள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. திரையில் ஒன்றை அமுக்கினால் அவரவர் போனுக்கே ஒரு நம்பர் வரும், அதை அடித்துப் புதுசு வைத்துக்கொள்ளலாம். அதையும் நூரீன்தான் செய்து வைத்தாள்.

போன் நின்றுவிட்டது.

முதல் வாரம் ஓய்வு மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் சிம்மில் ஏதோ கோளாறு என்று நினைத்து அமுதவல்லியைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தான். நன்றாக ஒலித்தது. சோறு சூடாக, முழுதாக, இடது கை சும்மா இருக்கச் சாப்பிட முடிந்தது. அதைப் போல ருசியில்லாத சாப்பாட்டை அவன் சாப்பிட்டதே இல்லை.

பொறாமை என்பது வெயில் மாதிரி ஒரே சீராக அடிப்பதில்லை. அவள் கொண்டுவந்த பிரியாணி டப்பாவை எல்லாரும் சூழ்ந்துகொண்டபோது கொஞ்சம். மீட்டிங்கில் தணிகாசலம் இவனைத் தாண்டி அவளைப் பார்த்துக் கேள்வி கேட்டபோது நிறைய. அந்த ஃபிரேம்வொர்க்கில் அவள் ஒரு சின்னப் பிழையைக் கண்டுபிடித்து எழுதி அனுப்ப, அதை உருவாக்கியவர்கள் அவள் பேரைப் போட்டு நன்றி சொன்னார்கள். அன்றைக்கு அளவே இல்லை. புதுச்சேரிப் பொண்ணு பேரு உலகம் பூரா தெரியுது என்று தணிகாசலம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். கோபிநாத் தன் பங்கை டேபிள் மேலேயே எறும்புக்கு விட்டுவிட்டான்.

அவளை மட்டம் தட்டவாவது ஒரு குறை கிடைக்காதா என்று அந்த ஃபிரேம்வொர்க்கின் உள்ளே புகுந்து வரி வரியாகப் படித்தான். ஓப்பன் சோர்ஸ்தானே, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்கப் படிக்க இன்னும் மோசமாயிற்று. முகம் தெரியாத யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து, வாசலில் ஒருவர் பின் ஒருவராகக் காவலாளிகளை வரிசை கட்டி நிறுத்தி, ஒவ்வொருவனுக்கும் ஒரே ஒரு வேலை கொடுத்து, அத்தனை சுத்தமாக எழுதியிருந்தார்கள். அவர்கள் மேலும் பொறாமை வந்தது. நம் கைக்கு இது வரவில்லையே என்று அதே வரிகளைத் திரும்பப் படித்தான். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். தேவைப்பட்டால் சொந்தமாக ஒரு காவலாளியை எழுதி அந்த வரிசையில் நிறுத்திக்கொள்ள அதில் இடம் விட்டிருந்தார்கள்.

நூரீன் கொண்டுவந்த இன்னொரு பழக்கம் குறுக்கே நின்றது. யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உள்ளே போகும். சீனியர் என்பதால் அவசரத்துக்கு அதைத் தாண்டிப் போகும் உரிமை கோபிநாத்துக்கு இருந்தது. ஆனால் போனால் அடுத்த நிமிஷம் அவள் எட்டிப் பார்ப்பாள். அவள் பார்க்காத ஒரு நாள் வேண்டும்.

அந்த நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு அந்த ஆபீசில் எவரும் மெஷினைத் தொடமாட்டார்கள், தணிகாசலம் தொடவும் விடமாட்டார். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. நூரீன்கூடப் பொரி கடலை பொட்டலம் கட்டி உதவிவிட்டு மத்தியானமே புறப்பட்டாள். வாசலில் பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். விளக்கு அணையும்வரை இருந்து பூட்டிக்கொண்டு போவது எப்போதும் கோபிநாத்தின் பொறுப்பு. அவன் சந்தனம் காயாத கீபோர்டில் கை வைத்தான். பூஜையில் இருக்கும் ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் தன் சொந்தக் காவலாளியை எழுதி, வரிசையின் கடைசியில், வெளியே தெரியாதபடி நிறுத்தினான். பழைய பாஸ்வேர்டுக்கு மறுபடி உயிர் வந்தது. மறுநாள் விஜயதசமி, அதற்கப்புறம் சனி ஞாயிறு. திங்கட்கிழமை வந்த நூரீன் பூஜைக்கு முன்பே குவிந்திருந்த வேறு மாற்றங்களைப் பார்ப்பதிலேயே மூழ்கிவிட்டாள். வேலியே பயிரை மேய ஆரம்பித்தது.

பிறகு அவனே அம்மாவாசைக்குப் போன் போட்டான். "இன்னா அம்மாவாசை, மறந்தே பூட்டியா? பாஸ்வேர்டு மறந்துட்டா அந்த நம்பரு கிம்பருன்னு அலையாத. பழையபடி எனக்கு அடி."

"அப்டியா சார்! எனக்கு அதான் சார் வசதி. இந்த நம்பரு வர்றதே எனக்குப் புரியல" என்றான் அம்மாவாசை. ஒருவன் போதும், நாலு பேருக்குப் பரவும். போன் மறுபடி ஒலித்தது. அமுதவல்லிக்கு அந்த வாரம் புதுப் புடவை கிடைத்தது, காரணம் அவளுக்குத் தெரியாது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டபோது சோதனை வந்தது. சென்னையிலிருந்து துர்கா என்கிற பெண் இரண்டு ஆட்களோடு வந்து தொழிற்சாலையிலேயே தங்கிச் சோதித்தாள். தணிகாசலமும் நூரீனும் தினம் அங்கே போனார்கள். "நீ ஆபீசப் பாத்துக்க கோபி. அங்க நூரீன் இருந்தா போதும்" என்றார் தணிகாசலம். போதும் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கோபிநாத் நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தான்.

கடைசி நாள் மத்தியானம் வரை எல்லாம் நல்ல சேதியாகவே வந்தது. எந்த வித்தையும் பலிக்கவில்லையாம், காவல் அத்தனை கெட்டியாம். ஆபீசில் சந்தோஷப்பட்டார்கள். கோபிநாத் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன் ஒலித்தது. அம்மாவாசை.

"கோபி சார், பாஸ்வேர்டு மறந்துட்டேன் சார்."

அத்தனை நாள் பசிக்கு இலை போட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. இன்றைக்கு அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவேண்டிய மூளை யோசிக்கவில்லை. "இரு இரு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள" என்று அம்மாவாசை பேரை அடித்து, தன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், புதுசு ஒன்றை வைத்தான். "உன் பேரையும் புள்ள பேரையும் சேத்து அடி. போச்சா?"

"போயிடிச்சு சார்! மேடம், பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? எங்க கோபி சாருக்கு ஒரு போன் போட்டா போதும், எதையும் தொறந்துடுவாரு!"

மேடம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான் பாவி. துர்கா அவனிடம், மறந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். அவன் பெருமையாகச் செய்தே காட்டிவிட்டான். போனை வைக்க யாருக்கும் தோன்றவில்லை, கோபிநாத்துக்கும்தான்.

"இப்படி ஒரு வழி உள்ள இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?" அது துர்காவின் குரலாக இருக்க வேண்டும். "நாங்க எல்லாம் போட்டுப் பாத்தோம், மாட்டல. நல்லா தெரிஞ்ச கைதான் வச்சிருக்கு. யாரு எழுதுனது?"

"என் பேர்ல போட்டுக்குங்க மேடம்," என்றாள் நூரீன். "சீனியருக்கு அவசரத்துக்குன்னு வச்ச வழி. எடுக்க விட்டுப்போச்சு. தப்பு என்னுது."

"தப்புதான். ஆனா வேலை சுத்தம், அத ஒத்துக்கணும்" என்றாள் துர்கா.

"நூரீனு, உன்ன நம்பி விட்டேனேம்மா" என்று தணிகாசலம் முனகினார். அதோடு அம்மாவாசை போனைக் கட் செய்தான்.

கோபிநாத் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். முதலில் பயம். அப்புறம் வெட்கம். அதற்கும் பிறகு, இத்தனை மாதமாக என்ன வேண்டும் என்று தவித்தானோ அது அப்படியே கையில் வந்து விழுந்திருப்பது புரிந்தது. அவள் பேர் கெட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தணிகாசலம் நாளையிலிருந்து மறுபடி இவனைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்.

அவன் எழுந்து ரெயின்கோட்டை மாட்டினான். ஒரு பெண் பழி சுமக்கிறாளே என்று மனம் இளகிப் புறப்பட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வேலை சுத்தம் என்று அந்தச் சென்னைப் பெண் சொன்னாளே, அது அவன் வேலை. அவன் வாழ்நாளில் எழுதியதிலேயே அழகான வேலை. அதையும் நூரீன் பேரில் எழுதப் போகிறார்கள். காவலைக் கொடுத்தாயிற்று, மீட்டிங்கைக் கொடுத்தாயிற்று, போனைக் கொடுத்தாயிற்று. திருட்டையுமா கொடுப்பது?

சேதராப்பட்டுக்கு ரோடெல்லாம் தண்ணீர். சொட்டச் சொட்ட அந்த அறைக்குள் போய் நின்றவன், யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னான். "அத எழுதுனது நான். ஆயுத பூஜை அன்னிக்கி யாருக்கும் தெரியாம வச்சேன். இந்தப் பொண்ணுக்கு அதெல்லாம் எழுத வராது."

நூரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவனைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவந்து, முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"ஏன் சார் வந்தீங்க? என் பேர்ல போனா கவனக்கொறவுன்னு எழுதிட்டு, சரி பண்ணச் சொல்லி விட்டுருப்பாங்க. இப்ப உள் ஆளே திருட்டு வழி வச்சான்னு எழுதுவாங்க. கம்பெனிய காப்பாத்தத்தான் சார் நான் அப்படிச் சொன்னேன். உங்களுக்காகன்னு நெனச்சீங்களா?"

அவன் அப்படித்தான் நினைத்திருந்தான். அவளுடைய பெருந்தன்மை மேல்கூட வழியெல்லாம் பொறாமைப்பட்டுக்கொண்டு வந்திருந்தான். அவள் மனசில் அவன் ஓர் ஓரமாகக்கூட இல்லை என்பது இப்போது தெரிந்தது. அந்த மழையில் அவனுக்கு அதுதான் அதிகமாகக் குளிர்ந்தது.

துர்கா எழுதவேண்டியதை எழுதினாள். வழியை அடைத்து, வைத்தவனின் உரிமைகளை எல்லாம் பிடுங்கி, அடுத்த மாதம் மறுசோதனை. அதுவரை ஆர்டர் நிற்கும். தணிகாசலம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வச்சவனே எடுத்துட்டு வீட்டுக்குப் போ கோபி. நாளைக்கு வர வேணாம். நான் கூப்பிடறேன்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

அம்மாவாசையின் நாற்காலியில் உட்கார்ந்து, நூரீன் பின்னால் நின்று பார்க்க, கோபிநாத் தன் காவலாளியை வரிசையிலிருந்து எடுத்தான். எடுத்ததும் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். அம்மாவாசை பேரை அடித்து, தன் பழைய பாஸ்வேர்டைப் போட்டான். அனுமதி இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை போட்டான். அப்போதும் அதேதான். "சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மூலையில் நின்றிருந்த அம்மாவாசை மெதுவாகக் கிட்டே வந்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு முழுசாகப் புரியவில்லை, தன்னால் ஏதோ கெட்டுவிட்டது என்பது மட்டும் புரிந்திருந்தது.

"சார், இனிமே மறந்துட்டா நான் யாருக்கு சார் போன் பண்றது?"

கோபிநாத் எழுந்து, அவனை நாற்காலியில் உட்கார வைத்தான்.

"யாருக்கும் வேணாம் அம்மாவாசை. இங்க பாரு, கீழ எழுதியிருக்கா? அத அமுக்கு."

அம்மாவாசை ஒரு விரலால் அமுக்கினான். அவன் சட்டைப்பையில் போன் ஒலித்தது. எடுத்து, வந்த நம்பரை எழுத்துக் கூட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தான். திறந்துகொண்டது.

"அட, இவ்ளோதானா சார்?"

"இவ்ளோதான்" என்றான் கோபிநாத்.